வாய்தா!

ஒரு சின்னக் கேள்வி. கோவலன் வழக்கில் பாண்டிய மன்னன் செய்த தப்பு என்ன?

‘இதென்ன கேள்வி, நிரபராதியைக் கொன்னுட்டானே!’ என்பீர்கள். அது விளைவு. தப்பு எங்கே நடந்தது? திருடினால் தண்டனை என்கிற சட்டத்திலா? இல்லை. அந்தச் சட்டம் எல்லா நாட்டிலும் இருந்ததுதான். பொற்கொல்லன் வந்து புகார் சொன்னான். மன்னன் அந்தப்புரத்துக்குப் போகிற அவசரத்தில் இருந்தான். ‘சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று எடுத்து வா’ என்று உத்தரவு போட்டுவிட்டுப் போய்விட்டான். குற்றம் சாட்டப்பட்டவனைக் கூப்பிட்டு, ‘நீ என்னப்பா சொல்றே?’ என்று யாரும் கேட்கவில்லை. சிலம்புக்குள் இருப்பது முத்தா, மாணிக்கமா என்று உடைத்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? கண்ணகி வந்து உடைத்தபோது ஒரு நிமிடம்கூட ஆகவில்லை!

ஆக, மதுரையை எரித்தது சட்டத்தின் குறை அல்ல, நடைமுறையின் குறை. வழக்கை எப்படித் தொடங்குவது, யாருக்கு எப்படிச் சொல்லி அனுப்புவது, சாட்சியை யார் கேட்பது, எத்தனை நாளில் முடிப்பது என்பவைதான் நடைமுறை. படிக்கப் படுபோர். ஆனால், கோர்ட்டுப் படி ஏறிய எவரையும் கேட்டுப் பாருங்கள். ‘சட்டம் என் பக்கம்தான் சார் இருந்துச்சு... வாய்தாதான் என்னைக் கொன்னுடுச்சு!’ என்பார்.

அந்த நடைமுறை எப்படியெல்லாம் மாறி வந்தது என்று பார்க்க ஒரு ஊருக்குப் போவோம். மதுரையிலிருந்து திருச்சி போகிற சாலையில் மேலூரைத் தாண்டினால் வருமே, கொட்டாம்பட்டி. பஸ் நிற்கும்போது ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு மறந்திருப்பீர்கள். அங்கே ஒரு கட்சிக்காரரைக் கற்பனை செய்துகொள்வோம். பெயர் வேண்டாம், ‘நம்ம ஆள்’ போதும். பக்கத்து வயல்காரர் ராவோடு ராவாக வரப்பை வெட்டி ஒரு முழம் உள்ளே தள்ளிவிட்டார். இந்த ஒரே தகராறை வைத்துக்கொண்டு நம்ம ஆளை ஒவ்வொரு காலத்துக்கும் அனுப்பிப் பார்க்கலாம். வரப்பு ஒன்றுதான், காலம்தான் வேறு வேறு!

முதலில் கம்பெனிக்காரர்கள் வருவதற்கு முன்பு. ஊர்ப் பெரியவர்கள் மந்தையில் கூடுவார்கள். காகிதம் கிடையாது, கட்டணம் கிடையாது. இரண்டு பேரும் வாயால் சொல்வார்கள், ஊரே சாட்சி. தீரவில்லையா? கோயில் வாசலில் சத்தியம். அதற்கும் மேலே போனால் சோதனைகள் உண்டு. சுசீந்திரம் கோயிலில் கொதிக்கும் நெய்யில் கையை விடச்சொல்லி, கை வெந்ததா இல்லையா என்று பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்கள். திருவிதாங்கூரில் சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில்தான், 19-ம் நூற்றாண்டில், அது நின்றது.

மந்தை நீதியில் ஒரு வசதி இருந்தது. காலையில் பிராது, சாயங்காலம் தீர்ப்பு. ஆனால், மந்தையில் உட்காரும் உரிமை யாருக்கு, எட்ட நின்று கைகட்டிப் பேச வேண்டியவர் யார் என்பது அவரவர் பிறந்த அன்றைக்கே தீர்மானமாகிவிடும். நம்ம ஆள் எந்தத் தெருக்காரர் என்பதைப் பொறுத்து வரப்பும் நகரும்!

1801-ல் ஆற்காட்டு நவாபிடமிருந்து கர்நாடகம் முழுவதும் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. அடுத்த வருஷமே, 1802-ல், வங்காளத்தில் காரன்வாலிஸ் போட்ட திட்டத்தை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து இங்கே நட்டார்கள். ஜில்லா கோர்ட்டில் வெள்ளைக்கார நீதிபதி, அதற்கு மேலே சென்னையில் சதர் அதாலத். முதல் தடவையாக எல்லாமே எழுத்தில்! வாதி எழுதிக் கொடுக்க வேண்டும், பிரதிவாதி பதில் எழுத வேண்டும், சாட்சி சொன்னதையும் எழுத வேண்டும்.

இங்கே கொஞ்சம் நின்று, உங்கள் வாயில் தினமும் புழங்கும் சில வார்த்தைகளைக் கவனியுங்கள். வக்கீல், வக்காலத்து, ஆஜர், ஜாமீன், தாவா, தாக்கல், நகல், அசல், ரத்து, ஜப்தி, ராஜி, மகஜர், அமீனா, முன்சீப்... இவற்றில் ஒன்றுகூடத் தமிழ் இல்லை. அரபியிலும் பாரசீகத்திலும் பிறந்து, முகலாயர், நவாப் கச்சேரிகள் வழியாக நம் வீட்டுக்குள் வந்தவை. வெள்ளைக்காரன் கச்சேரியைப் பிடித்தபோது வார்த்தைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான். ‘வாய்தா’வும் அப்படி வந்ததுதான். மூலச் சொல்லுக்கு என்ன அர்த்தம் தெரியுமா? வாக்குறுதி! ‘இந்த நாளில் முடித்துத் தருகிறேன்’ என்ற உறுதிமொழி, ‘இன்னிக்கு இல்லே, போயிட்டு அப்புறம் வா’ என்று மாறிப்போனது மொழியின் குற்றமல்ல, கோர்ட்டின் கைங்கரியம்.

நம்ம ஆள் இப்போது என்ன செய்வார்? மூட்டை கட்டிக்கொண்டு, மாட்டு வண்டியிலோ நடையிலோ ஜில்லா கோர்ட்டுக்குப் போக வேண்டும். அங்கே இவர் பேச்சு துரைக்குப் புரியாது, துரை பேச்சு இவருக்குப் புரியாது. நடுவில் இருக்கிற ஆட்களுக்கு மட்டும் எல்லாம் புரியும்! வழக்குகள் மலை மாதிரி குவிந்தன. ஒரு முழ வரப்புக்காக ஒரு போகத்தையே விட்டுவிட்டு யார் அலைவது?

இதைக் கண்டு எரிச்சலான ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். தாமஸ் மன்றோ. ரயத்துவாரிக்காக நாம் பள்ளிக்கூடத்தில் படித்த அதே மன்றோ. கவர்னர் ஆவதற்கு முன்பே, 1814-ல் நீதித்துறையைச் சீர்திருத்த வந்த கமிஷனுக்குத் தலைவராக இருந்தார். ‘கோர்ட்டு ஜனங்களைத் தேடிப் போகணும், ஜனங்க கோர்ட்டைத் தேடி அலையக்கூடாது’ என்பது அவர் கட்சி. விளைவு, 1816-ல் வரிசையாகப் புதுச் சட்டங்கள். கிராமத் தலைவரே கிராம முன்சீப், 10 ரூபாய் வரைக்குமான சின்ன வழக்குகளை அவரே தீர்க்கலாம். அதற்கு மேலே 200 ரூபாய் வரை பார்க்க இந்தியர்களையே மாவட்ட முன்சீப்களாக நியமித்தார்கள். நம் தாத்தாக்கள் காலம் வரைக்கும் ஊருக்கு ஊர் ‘முன்சீப் வீடு’ என்று ஒன்று இருந்ததே, அதன் பிறந்த வருஷம் இதுதான்.

அடடா, எவ்வளவு நல்ல மனிதர் என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். அதே 1816-ல் வந்த 11-ம் ஒழுங்குமுறைச் சட்டத்தில் ஒரு பிரிவு. சின்னக் கைகலப்பு என்று வந்தால் கிராமத் தலைவர் குற்றவாளியை ஊர்ச் சாவடியில் 12 மணி நேரம் வரை அடைத்து வைக்கலாம். குற்றவாளி ‘தாழ்ந்த சாதி’யாக இருந்தால், 6 மணி நேரம் வரை தொழுமரத்தில் மாட்டி வைக்கலாம். இரண்டு கட்டைகளுக்கு நடுவே ஓட்டை போட்டு, அதில் காலை நுழைத்துப் பூட்டி, வெயிலில் ஊர் பார்க்க உட்கார வைக்கிற தண்டனை. அப்பேர்ப்பட்ட கேவலமான தண்டனையை யாருக்குக் கொடுத்தால் பொருத்தமாக இருக்குமோ அவர்களுக்கு மட்டும் என்று சட்டமே நாசூக்காகச் சொன்னது! குற்றம் ஒன்றுதான். ஒருவருக்குச் சாவடி நிழல், இன்னொருவருக்குத் தொழுமரம். மந்தையில் எழுதாமல் இருந்ததைக் கம்பெனி எழுதி, முத்திரை குத்தி, நடைமுறையாக்கியது.

நடைமுறை என்பது வெறும் தேதியும் ஃபாரமும் அல்ல. யாரை மனுஷனாக மதிக்கிறோம் என்பது அதில்தான் வெளியே தெரியும். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

1857-ல் பெரும் கலகம். கம்பெனி போய் மகாராணி வந்தார். மளமளவென்று காரியம் நடந்தது. 1859-ல் முதல் சிவில் நடைமுறைச் சட்டம், 1860-ல் இந்தியத் தண்டனைச் சட்டம், 1861-ல் குற்றவியல் நடைமுறைச் சட்டம். 1862-ல் சென்னையில் ஹைகோர்ட். சதர் அதாலத்தும், சென்னைப் பட்டணத்துக்கு மட்டும் இங்கிலீஷ் சட்டம் பேசிக்கொண்டிருந்த சுப்ரீம் கோர்ட்டும் அதில் கலந்து மறைந்தன. இனிமேல் கொட்டாம்பட்டி வரப்புக்கும் ஜார்ஜ் டவுன் வணிகருக்கும் ஒரே உச்சிக் கோர்ட்!

இந்த நேரத்தில் ஒரு தமிழர் அமைதியாக ஒரு காரியம் செய்தார். மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை. ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ எழுதியவர் என்று நாவலுக்காகவே அவரை நமக்குத் தெரியும். ஆனால், அதற்கு முன்பே, 1805 முதல் 1861 வரையிலான சதர் அதாலத் தீர்ப்புகளைத் திரட்டி, தமிழில் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்று புத்தகமாகப் போட்டுவிட்டார். தன் வழக்கில் என்ன நடக்கிறது என்பதே தெரியாமல் ஒருவன் சொத்தை இழப்பதைத் தினமும் மேடையிலிருந்து பார்த்தவர் அவர்.

(அந்த ஏக்கம் இன்னும் பாதிதான் தீர்ந்திருக்கிறது. 1976-ல் தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்தி, கீழ்க் கோர்ட்டுகளில் தமிழைக் கொண்டுவந்தார்கள். ஹைகோர்ட் விஷயத்தில் அரசியல் சட்டத்தின் 348-வது பிரிவு குறுக்கே நிற்கிறது. ராஜஸ்தான், உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், பீகார் ஹைகோர்ட்டுகளில் இந்திக்கு அனுமதி கிடைத்துவிட்டது. தமிழுக்காக 2006 டிசம்பரில் நம் சட்டமன்றம் போட்ட தீர்மானம் ஏற்கப்படவில்லை.)

பழைய நடைமுறைச் சட்டத்தை இரண்டு தடவை பிரித்துக் கட்டிய பிறகு, 1908-ல் புதிதாக ஒன்று போட்டார்கள். அதுதான் இன்றைக்கும் நம் சிவில் கோர்ட்டுகளை ஓட்டிக்கொண்டிருக்கிறது. இதில் ஒரு சாமர்த்தியம் உண்டு. முன்பாதியில் 158 பிரிவுகள், பின்பாதியில் 51 ‘ஆர்டர்’கள். முன்பாதியை மாற்ற வேண்டுமானால் சட்டமன்றமோ பாராளுமன்றமோதான் மாற்றலாம். பின்பாதியில் இருப்பவை விதிகள். அவற்றை அந்தந்த ஹைகோர்ட்டே திருத்திக்கொள்ளலாம். எலும்பு டெல்லியில், சதை சென்னையில்! அதனால்தான் ஒரே சட்டம், ஒவ்வொரு மாநிலத்திலும் கொஞ்சம் வேறு மாதிரி நடக்கும்.

அந்தச் சட்டத்தின் 60-வது பிரிவை அவசியம் தெரிந்துகொள்ளுங்கள். கடன்காரன் டிக்ரி வாங்கிக்கொண்டு அமீனாவோடு வந்து நின்றாலும் சிலவற்றைத் தொட முடியாது. உடுத்தும் துணி, படுக்கை, சமையல் பாத்திரம், சமய வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத நகை (அதாவது தாலி), விவசாயியின் ஏர், கலப்பை, உழவு மாடு, விதைநெல். 55-வது பிரிவுப்படி, சூரியன் மறைந்தபின் விடியும்வரை யாரையும் கைது செய்ய வீட்டுக்குள் நுழையக்கூடாது. ஒரு ராத்திரியாவது நிம்மதியாகத் தூங்கட்டும் என்று எவரோ ஒருவர் யோசித்திருக்கிறார்!

ஆனால், அதே வெள்ளைக்காரன் இன்னொரு சட்டமும் வைத்திருந்தான். குற்றப் பரம்பரைச் சட்டம். வடக்கே 1871-ல் வந்தது, 1911-ல் புதுப்பித்து சென்னை மாகாணத்துக்கும் நீட்டினார்கள். மதுரைப் பக்கம் 1914-ல் கீழக்குயில்குடியில் ஆரம்பித்து, பிரமலைக் கள்ளர்கள் மேல் பாய்ந்தது. கைரேகை வை, ராத்திரி போலீஸிடம் ஆஜர் கொடு, ஊரைவிட்டுப் போக அனுமதி வாங்கு. என்ன குற்றம் செய்தான் என்று நிரூபிக்க வேண்டாம், பிறந்ததே போதும். இதில் நம் விஷயத்துக்கு வருகிற வரி இதுதான்: ஒரு கூட்டத்தைக் குற்றப் பரம்பரை என்று சர்க்கார் அறிவித்தால், அந்த அறிவிப்புச் செல்லுமா என்று எந்தக் கோர்ட்டும் கேட்கக்கூடாது!

கவனித்தீர்களா? ஒரு மாட்டை ஜப்தி செய்யப் பத்து விதி. ஒரு சமூகத்தையே சிறைப்பிடிக்க விதியே இல்லை, கோர்ட்டுக் கதவும் கிடையாது. கதவு இல்லாத இடத்தில் என்ன நடக்கும்? 1920 ஏப்ரல் 3-ம் தேதி உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில், ரேகை வைக்க மறுத்த ஜனங்கள் மேல் போலீஸ் சுட்டது. ஒரு பெண் உட்பட பதினைந்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். மதுரையில் பாரிஸ்டராக இருந்த ஜார்ஜ் ஜோசப் என்கிற மலையாளி அந்த மக்களுக்காக வாதாடினார். நன்றி மறவாத ஜனங்கள் அவரை ‘ரோசாப்பூ துரை’ என்று கூப்பிட்டார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது 1947-ல்.

சுதந்திர இந்தியாவில் நம்ம ஆளுக்கு என்ன மாறியது?

1973-ல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம். முன்ஜாமீன் என்ற வார்த்தை நம் ஊர் டீக்கடைக்கு வந்தது அதன் பிறகுதான். ஜூரி முறைக்கு அதில் இடமே இல்லை. 1976-ல் சிவில் சட்டத்தில் ஒரு பெரிய திருத்தம். கோர்ட் கட்டணம் கட்ட வழியில்லாத ஏழையை அதுவரை சட்டப் புத்தகமே ‘பாப்பர்’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அந்த வார்த்தையில் பிச்சைக்கார வாடை அடிக்கும். அதை எடுத்துவிட்டு, வசதியற்றவர் என்கிற பொருளில் வேறு சொல் போட்டார்கள். சின்ன மாற்றம்தான். ஆனால், தொழுமரத்திலிருந்து அந்த இடத்துக்கு வர 160 வருஷம் ஆகியிருக்கிறது.

1980-ல் இரண்டு சம்பவங்கள். ஒன்று, கடனைக் கட்ட நிஜமாகவே வழியில்லாதவனை சிவில் சிறையில் போடக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் தீர்ப்புச் சொன்னார். இன்னொன்று நம் மாநிலத்தில். நவம்பர் 14-ம் தேதி, எம்.ஜி.ஆர். அரசு ஒரே அவசரச் சட்டத்தில் பரம்பரை கிராம அதிகாரிகளை ஒழித்தது. மன்றோ நட்ட கிராம முன்சீப் மரம் அன்றைக்குச் சாய்ந்தது. அந்த நாற்காலியில் தேர்வு எழுதி வருகிற வி.ஏ.ஓ. உட்கார்ந்தார். எந்தத் தெருவில் பிறந்தவரும் அந்த நாற்காலிக்கு வரலாம் என்பது பெரிய விஷயம். அதேசமயம், ஊருக்குள்ளேயே சின்ன வழக்கைத் தீர்க்க சர்க்கார் வைத்த ஆள் இல்லாமல் போனார் என்பதும் நிஜம். 2008-ல் பாராளுமன்றம் ‘கிராம நியாயாலயா’ சட்டம் போட்டு, பழையபடி கோர்ட்டைக் கிராமத்துக்கு அனுப்பப் பார்த்தது. பல மாநிலங்கள் ஆர்வம் காட்டவில்லை.

சரி, வாய்தாவுக்கு வருவோம்!

1999-லும் 2002-லும் பாராளுமன்றம் இரண்டு திருத்தங்கள் போட்டு, இரண்டையும் 2002 ஜூலை 1-ம் தேதி அமலுக்குக் கொண்டுவந்தது. பிரதிவாதி 30 நாளில் பதில் தாக்கல் செய்ய வேண்டும், மிஞ்சிப்போனால் 90 நாள். விசாரணையில் ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கிடையாது. சாட்சியின் முதல் விசாரணை கூண்டில் ஏறிச் சொல்வதாக இருக்காது, அபிடவிட்டாக எழுதிக் கொடுத்துவிட வேண்டும். சமரசத்துக்கு வாய்ப்புள்ள வழக்கைக் கோர்ட்டே சமரச மையத்துக்கு அனுப்பலாம்.

கேட்க அருமையாக இருக்கிறது இல்லையா? ஆனால், நாடு முழுக்க வக்கீல்கள் கொதித்தார்கள். கோர்ட் புறக்கணிப்பு, ஊர்வலம், தடியடி. ‘வக்கீல்களுக்கு வாய்தா போனா பீஸ் போச்சே, அதான்!’ என்று ஜனங்கள் சிரித்தார்கள். விஷயம் அவ்வளவு எளிதல்ல. மும்பைக் கம்பெனிக்கு 30 நாள் என்பது தாராளம். வேலைக்கு வெளியூர் போன கொட்டாம்பட்டி விவசாயக் கூலிக்கு? சம்மனைக் கையில் வாங்கி, படிக்கத் தெரிந்தவரைத் தேடி, பட்டா நகல் எடுத்து, வக்கீல் பிடிப்பதற்குள் மாதம் ஓடிவிடும். அபிடவிட் விஷயமும் அப்படித்தான். நேரம் மிச்சம், சந்தேகமில்லை. ஆனால், கூண்டில் ஏறி, ‘ஆமாங்க, எங்க அப்பாரு காலத்துலேருந்து அந்தப் புளியமரம்தான் எல்லை’ என்று கிழவி தன் வாயால் சொல்வது வேறு, குமாஸ்தா டைப் அடித்ததில் அவள் கைநாட்டு வைப்பது வேறு.

இந்தத் திருத்தங்களை எதிர்த்து சுப்ரீம் கோர்ட் வரை போனது யார் என்று நினைக்கிறீர்கள்? டெல்லி, மும்பை சங்கங்களை விட்டுத்தள்ளுங்கள், வழக்கின் பெயரிலேயே நம் ஊர் இருக்கிறது. சேலம் வழக்கறிஞர் சங்கம்! இந்தியா முழுக்க சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றைக்கும் ‘சேலம் பார் வழக்கு’ என்று மனப்பாடம் செய்கிறார்கள். 2002 அக்டோபரில் வந்த முதல் தீர்ப்பு, ‘திருத்தங்கள் செல்லும்’ என்றது. கூடவே, அவற்றை எப்படி நடைமுறைப்படுத்துவது என்று யோசிக்க ஒரு கமிட்டியும் போட்டது. 2005 ஆகஸ்ட் 2-ம் தேதி இரண்டாவது தீர்ப்பு. அதன் சாரம் ரொம்ப நியாயமானது. 90 நாள் கெடு இருக்கட்டும். ஆனால், நிஜமாகவே தவிர்க்க முடியாத காரணம் இருந்தால், அபூர்வமாக, அதற்கு மேலும் கோர்ட் அனுமதிக்கலாம். மூன்று வாய்தா விதியும் அப்படித்தான். கட்சிக்காரரின் கைமீறிய ஆபத்து என்றால் நாலாவதும் கொடுக்கலாம், சும்மா கேட்டால் முதலாவதே கூடாது.

அந்த வருஷம் ஏப்ரலில், நாட்டுக்கே முன்னோடியாக, கோர்ட்டோடு இணைந்த சமரச மையத்தைச் சென்னை ஹைகோர்ட் தொடங்கியிருந்தது. சமரசத்தில் வழக்கு முடிந்தால் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும். கோர்ட் அனுப்பாமல், இரு தரப்பும் தாங்களாகவே பேசி முடித்துக்கொண்டாலும் கட்டணம் திரும்பத் தரவேண்டும் என்று 2021-ல், தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. மந்தையில் பேசித் தீர்த்த பழைய முறை வேறு சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது. ஒரே வித்தியாசம், இங்கே யாரும் எட்ட நிற்க வேண்டியதில்லை, எல்லோருக்கும் நாற்காலி உண்டு.

இதற்கு நடுவே 2004 ஜூலை 24. தென்மாவட்டங்கள் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த ஹைகோர்ட் கிளை மதுரை ஒத்தக்கடைப் பக்கம் திறக்கப்பட்டது. கன்னியாகுமரி முதல் கரூர், திருச்சி, தஞ்சை வரை அன்றைக்கு 13 மாவட்டங்கள் (திருநெல்வேலியிலிருந்து தென்காசி பிரிந்ததால் இப்போது 14). நம்ம ஆளுக்கு இதில் என்ன லாபம்? அதுவரைக்கும் அப்பீல் என்றால் சென்னைக்கு நானூறு கிலோமீட்டருக்கு மேல். ராத்திரி பஸ், லாட்ஜ் வாடகை, ‘இன்னிக்கு லிஸ்ட்ல வரலை’ என்று ஒரு வார்த்தை, திரும்பவும் ராத்திரி பஸ். ஒரு முழ வரப்பின் விலையைவிட பஸ் டிக்கெட் அதிகம்! சட்டப்படி அப்பீல் உரிமை இருந்தது, வசதிப்படி இல்லை. இப்போது? கொட்டாம்பட்டியில் மதுரை பஸ் ஏறினால், மேலூர் கோர்ட்டைத் தாண்டி, அதே சாலையில் ஹைகோர்ட் வாசலிலேயே இறங்கலாம். மன்றோ சொன்னாரே, கோர்ட்டு ஜனங்களைத் தேடிப் போகணும் என்று, அது கொஞ்சமாவது நிறைவேறியது இப்படித்தான்.

2020-ல் கொரோனா வந்து கோர்ட்டுகளைப் பூட்டியபோது வீடியோவில் விசாரணை நடந்தது. 2024 ஜூலை 1 முதல் 1973-ம் வருஷத்துச் சட்டம் போய், ‘பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா’ வந்திருக்கிறது. (பெயரைச் சொல்லிப் பழகவே நம் வக்கீல்களுக்கு ஒரு வாய்தா தேவைப்படுகிறது!) எந்த ஊர் போலீஸ் ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம், சோதனையை வீடியோ எடுக்க வேண்டும், வாதம் முடிந்த 30 நாளில், காரணம் எழுதினால் 45 நாளுக்குள், தீர்ப்பு. வாய்தா? சிவிலில் மூன்று என்றால், இதில் இரண்டு!

எல்லாம் மாறிவிட்டதா? ஒன்றே ஒன்று சொல்கிறேன். 1908-ம் வருஷத்து சிவில் சட்டத்தில், ஜப்தி உத்தரவை அந்த நிலத்தருகே தமுக்கு அடித்தோ, வழக்கமான வேறு முறையிலோ அறிவிக்க வேண்டும் என்று ஒரு விதி. அந்தத் தமுக்கை எந்தத் தெருக்காரர் தோளில் மாட்டுவார்கள் என்று விதியில் இல்லை. எழுதாமலே எல்லோருக்கும் தெரியும்! 2022 ஆகஸ்டில் தமிழக அரசு, ‘தண்டோரா போட்டு அறிவிக்கும் வழக்கம் இனி வேண்டாம், ஒலிபெருக்கி கட்டிய வண்டி போதும்’ என்று கலெக்டர்களுக்குக் கடிதம் எழுதியது. 1816-ல் தொழுமரத்தில் ஆரம்பித்தது, 206 வருஷம் கழித்துத் தமுக்கு வரைக்கும் வந்து நிற்கிறது.

கடைசியாக உங்களுக்கு உபயோகமான ஒரு செய்தி. உங்களுக்கோ உங்கள் வீட்டில் யாருக்கோ வழக்கு இருக்கிறதா? வாய்தா கொடுத்தால், ஏன் கொடுத்தோம் என்ற காரணத்தைக் கோர்ட் எழுத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கிறது சட்டம். அடுத்த தேதியை செல்போனிலேயே பார்க்கலாம். ஆனால், தேதியோடு நின்றுவிடாதீர்கள். ‘வாய்தா யார் கேட்டாங்க, என்ன காரணம்னு எழுதியிருக்கு?’ என்று உங்கள் வக்கீலைக் கேளுங்கள். தேவைப்பட்டால் மனுப் போட்டு நகல் வாங்குங்கள். இதுவரை எத்தனை ஆகியிருக்கிறது என்று ஒரு பழைய நோட்டில் எண்ணி எழுதி வையுங்கள். நாலாவது வாய்தா வருகிற அன்றைக்கு அந்த நோட்டை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போங்கள்.